நிற்கும் உடல், உட்காரும் துணி

அக்கா மகளுக்குத் தாவணி எடுக்க ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தோம். ஊரும் பெயரும் இங்கே வேண்டாம். எல்லா ஊரிலும் அந்தக் கடை இருக்கிறது. எங்களுக்கு உட்கார மெத்தை போட்ட முக்காலி. எதிரே துணியை விரித்துக் காட்டிய பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் பிரிக்காத பாவாடைக் கட்டு. ‘உக்காந்து காட்டும்மா’ என்றார் அக்கா. அந்தப் பெண் மேலே இருந்த கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: ‘சட்டம் வந்தப்ப ஸ்டூல் வந்துச்சுக்கா. இப்ப அதுல துணி உக்காந்திருக்கு.’

இதைவிடக் கூர்மையான சட்ட விமர்சனத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. கீழே வருவது அவளுடைய வாக்கியத்துக்கு நான் எழுதும் உரை, அவ்வளவுதான்.

அவள் குறிப்பிட்டது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தத்தை. புதிதாகச் சேர்ந்த 22-ஏ பிரிவு, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்பு வரும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம் என்கிறது. இதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்போம். ‘வாய்ப்பு’ வந்துவிட்டது என்று தீர்மானிப்பது யார்? நிற்கிறவளா, மேற்பார்வையாளரா? கடையில் ஆளில்லாத நேரம் அவளுக்கு ஓய்வு. அவருக்கோ துணி மடிக்கும் நேரம். பிரிட்டனில் 1899இல் வந்த சட்டம் மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று எண்ணிச் சொன்னது. நம்முடையது அதைவிடத் தாராளமாக ‘எல்லாருக்கும்’ என்கிறது. ஆனால் எண்ணிப் பார்க்க ஒரு கணக்கைத் தரவில்லை. தாராளமான சொல்லை மீறுவது எப்போதும் எளிது.

இன்னொன்று. நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவிலேயே சொல்லியிருந்தது. ஆலைக்கு எழுதப்பட்ட அந்த வரி தமிழ்நாட்டில் கடைக்கு வந்துசேர 73 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அரசை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. நம்முடைய இடதுசாரிச் சொல்லாடலில் ‘தொழிலாளி’ என்றால் இயந்திரத்தின் முன் நிற்கும் ஆண். சேலை விரிக்கும் பெண் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. கேரளத்தில் அந்தச் சொல்லை உடைத்தவர்கள் தொழிற்சங்கத் தலைவர்கள் அல்லர். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பி. விஜி கூட்டிய ‘பெண்கூட்டு’. அவர்கள் முதலில் கேட்டது நாற்காலியைக்கூட அல்ல, கழிப்பறையை. பிறகுதான் ‘இரிக்கல் சமரம்’, உட்காருவதற்கான போராட்டம். 2018இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது.

நம் திருத்தம் தனக்குச் சொல்லிக்கொள்ளும் காரணம் உடல்நலம். நாள் முழுக்க நிற்பதால் நோய் வருகிறது, ஆகவே இருக்கை. சரிதான், நரம்பு சுருண்டு புடைத்த கால்கள் பொய்யில்லை. ஆனால் நோயைப் பேசும் இந்த மொழி மரியாதையைப் பற்றி மௌனம் காக்கிறது. கடையில் வாடிக்கையாளர் உட்காருகிறார், கல்லாவில் முதலாளி உட்காருகிறார். நிற்பவள் மட்டும் ஏன் நிற்கிறாள்? உட்கார்ந்தும் சேலை காட்டலாமே. அவள் உட்கார்ந்தால் குறைவது வியாபாரம் அல்ல, நம்முடைய மேன்மை. பெருமாளுக்கு நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என மூன்று உண்டு. இவளுக்கு ஒன்றுதான்.

திண்ணையில் யார் உட்காரலாம், யார் கைகட்டி நிற்க வேண்டும் என்று உடலுக்குப் பாடம் நடத்திய சமூகம் இது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண்ணான ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்காரவைத்து மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. ‘கடையில எல்லாச் சாதிக்காரங்களும்தானே நிக்கிறாங்க, இதுல எங்க சாதி?’ என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தெற்குத்திட்டையில் நடந்தது வன்கொடுமை. ஆனால் கீழே இருப்பவரின் உடல் அதற்கான இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற இலக்கணம் சாதி நமக்குக் கற்றுக்கொடுத்தது. கடை அதைக் கூலிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைக்குள் நுழைவதில் பாகுபாடு கூடாது என்கிறது. வாங்க வருபவருக்கு அந்தக் காப்பு. விற்க நிற்பவளின் உடல் அங்கே பேச்சில் இல்லை.

நானும் இதில் வெளியாள் இல்லை. 2010இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ பார்த்து அழுதேன், பாராட்டியும் எழுதினேன். ரங்கநாதன் தெருக் கடையின் உள்ளிருட்டைத் தமிழ் சினிமாவுக்குள் கொண்டுவந்த படம் என்பதில் இப்போதும் மாற்றமில்லை. ஆனால் அதில் நாயகி கால்களை இழப்பது சாலை விபத்தில். விபத்துக்கு அழலாம், தினமும் 12 மணி நேரம் நிற்பதற்கு யார் அழுவார்? பரிதாபத்துக்குரியவர்களாக அவர்களை எழுதிக்கொண்டே, உரிமை உள்ளவர்களாகப் பார்க்க நாம் மறந்துபோனோம். அழுதுவிட்டு அடுத்த தீபாவளிக்கு அதே தெருவுக்குத்தான் போனேன்.

இதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். உட்கார்ந்ததற்காகத் துரத்தப்படும் பெண்ணுக்கு இது ஒரு பிடி. ஆனால் ஆறு மாதத்தை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். நியமனக் கடிதம் எத்தனை பேர் கையில் இருக்கிறது? சம்பளச் சீட்டு, வருகைப் பதிவின் செல்பேசிப் படம், வங்கிக் கணக்கில் விழுந்த தொகை, எதுவானாலும் சேர்த்துவைக்கச் சொல்ல வேண்டியது நம் வேலை. தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் அவள் பெயர் போகாமல் புகார் கொண்டுபோக வேண்டியதும் நம் வேலை. அவள் பேசினால் வேலை போகும். நாம் பேசினால் நமக்குப் போவது ஒரு மதியப் பொழுது.

அன்று தாவணி எடுத்து முடிந்ததும் அக்கா எழுந்து, அந்தப் பாவாடைக் கட்டைத் தூக்கிக் கீழே வைத்தார். ‘கேமராவுல தெரியும்க்கா’ என்றாள் அந்தப் பெண். ‘தெரியட்டும். நாங்கதானே எடுத்தோம்’ என்றார் அக்கா.

அவள் உட்காரவில்லை. ஆனால் ஸ்டூல் காலியாக இருந்தது.