பிலிப்பி வைத்த அளவுகோல்

கிறித்துவப் பல்கலைக்கழகங்களின் பிசிஷியன் அசிஸ்டென்ட் (மருத்துவரோடு இணைந்து நோயாளிகளைக் கவனிப்பவர்) படிப்புகளை எடைபோட உட்காரும்போது முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியது அவற்றின் நோக்க அறிக்கை. கலிபோர்னியாவின் லோமா லிண்டா, ஆர்கன்சாவின் ஹார்டிங், டென்னசியின் டிரவெக்கா நாசரீன் என்று எந்தப் பல்கலைக்கழகத்தை எடுத்தாலும் சேவை, பரிவு, அழைப்பு ஆகிய சொற்கள் அடிநாதமாக ஒலிக்கும். சமயச் சார்பற்ற பல்கலைக்கழகங்களும் இவற்றில் பாதியைச் சொல்லத்தான் செய்கின்றன. திறனாய்வுக்கு உதவும் கேள்வி வேறு: அந்த நம்பிக்கை பாடத்திட்டத்தில் எங்கே வேலை செய்கிறது, எங்கே வெறும் பெயர்ப்பலகையாக நிற்கிறது?

கல்லூரியின் கைக்கு உட்பட்ட இடம் குறுகியது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இந்தப் படிப்பின் சட்டகத்தை ஏ.ஆர்.சி.-பி.ஏ. என்ற அங்கீகார ஆணையம் வகுக்கிறது. பொதுவாக 27 மாதங்கள். முதல் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக வகுப்பறை. மீதி மருத்துவமனைப் போஸ்டிங். குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், அறுவை, அவசர சிகிச்சை, குழந்தைகள் நலம், மகளிர் நலம், மனநலம் ஆகிய எதையும் விட முடியாது. கடைசியில் பான்ஸ் என்னும் தேசியத் தேர்வு: அறுபது அறுபதாக 300 கேள்விகள். பாப்டிஸ்ட் கல்லூரி மாணவரும் மாநிலப் பல்கலைக்கழக மாணவரும் அதே தாளைத்தான் எழுதுகிறார்கள். இந்தச் சீர்மை நோயாளிக்குப் பெரிய பாதுகாப்பு. தனித்தன்மை உண்டென்று சொல்லும் கல்லூரிக்கு அதுவே கடினமான சோதனை.

அந்தச் சோதனையில் மிகச் சிறப்பாகத் தேறிய முயற்சி, என் கணிப்பில், இந்தத் துறையின் தொடக்க ஆண்டுகளிலேயே நடந்துவிட்டது. 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் முன்னாள் கடற்படை மருத்துவப் பணியாளர் நால்வரோடு இந்தப் பயிற்சியைத் தொடங்கியதைத் துறையினர் அறிவர். கை பழகியவர்களுக்குக் குறுகிய காலத்தில் மருத்துவச் சிந்தனையைக் கற்பிப்பது அவர் வழி. 1968இல் மேற்கு வர்ஜீனியாவின் பிலிப்பி என்ற சிற்றூரில், பாப்டிஸ்ட் சபையைச் சார்ந்த ஆல்டர்சன் பிராடஸ் கல்லூரியில், ஹியூ மையர்ஸ் என்ற மருத்துவர் வேறு வழி எடுத்தார். இந்தப் பயிற்சியை அவர் நான்காண்டு இளநிலைப் பட்டமாக்கினார். நாட்டில் அதுவே முதல். கலை, அறிவியல் பாடங்களும் மருத்துவமும் ஒரே படிப்பில் இணைந்தன. 1972இல் முதல் அணி பட்டம் பெற்றது.

மையர்ஸின் வடிவமைப்பில் குறை உண்டு. டியூக் மாணவர்களுக்கு இருந்த கள அனுபவம், பள்ளி முடித்து நேரே வந்த இளைஞருக்கு இல்லை. ஆனால் ஒத்திசைவில் அதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கடினம். மருத்துவர் கிடைக்காத அப்பலாச்சிய மலைநாட்டில், அந்த மலைநாட்டுக் கல்லூரியே, அந்தப் பற்றாக்குறைக்காக ஆள் தயாரித்தது. பிறர் போகாத இடத்துக்குப் போவது என்ற சபையின் கடமையுணர்வு தனிப் பாடமாக ஒட்டவைக்கப்படாமல் திட்டத்தின் கட்டுமானத்திலேயே இருந்தது. சமயப் பல்கலைக்கழகம் இந்தத் தொழிலுக்குத் தந்த உண்மையான கொடை அதுதான். பட்டம் வேண்டும் என்ற மையர்ஸின் வாதத்தை இந்தத் தொழில் ஏற்றது. பிறகு அதையும் கடந்து முதுகலையைக் கட்டாயமாக்கியது.

இன்றைய கல்லூரிகள் முன்வைக்கும் தனித்தன்மை வேறு வகை. நோயாளியை உடல், மனம், ஆன்மா சேர்ந்த முழு மனிதராகக் காண்பது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் லோமா லிண்டாவில் இது நூற்றாண்டு கடந்த மரபு. எல்லாத் துறை மாணவருக்கும் சமயப் பாடங்கள் உண்டு. இதை அலங்காரம் என்று தள்ளுவது நியாயமாகாது. ஆன்மிகம் குறித்து நோயாளியிடம் கேட்பதற்கு முறையான கருவியே இருக்கிறது. கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1990களில் உருவாக்கிய ஃபைக்கா அவற்றுள் பெயர் பெற்றது: உங்களுக்கு நம்பிக்கை உண்டா, அது உங்கள் வாழ்வில் எவ்வளவு முக்கியம், உங்களைத் தாங்கும் சமூகம் ஏதும் உண்டா, சிகிச்சையில் இதை நாங்கள் எப்படிக் கவனிக்க வேண்டும்?

கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. சர்க்கரை நோயாளி ஒருவர் நாற்பது நாள் நோன்பு இருக்கப்போவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பலவீனமான மாணவர் நோன்பைப் பாராட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார், அல்லது கூடாது என்று அதட்டுவார். தேர்ந்த மாணவர் எந்த வேளை உணவு விடுபடும் என்று கேட்பார். எந்த மாத்திரை சர்க்கரையைத் தாழ்த்தும் என்று கணக்கிடுவார். வேளையை மாற்றுவதற்கு மேற்பார்வை மருத்துவரிடம் பேசுவார். இவ்வளவையும் கேஸ் ஷீட்டில் எழுதுவார். இரண்டாமவரிடம் ஆன்மிகக் கவனம் மருத்துவத் திறனாக மாறியிருக்கிறது. கல்லூரி அதை ஆஸ்கி என்னும் செயல்முறைத் தேர்வில் மதிப்பெண் கொடுத்துச் சோதித்தால் அதன் உரிமைகோரலை ஏற்கலாம். சேப்பல் வழிபாட்டு வருகைப் பதிவோடும் சிந்தனைக் கட்டுரையோடும் நிறுத்திக்கொண்டால் ஏற்பதற்கில்லை. சேப்பல் மாணவரைத் தேற்றலாம், அதன் பயன் மெய்யானது. ஆனால் அது பயிற்சியாகாது.

இதைவிட ஆழமான விரிசல் இரண்டாம் ஆண்டில் தெரியும். ஹார்டிங்குக்கோ டிரவெக்காவுக்கோ சொந்த மருத்துவமனை கிடையாது. இத்தகைய கல்லூரிகளின் மாணவர் போஸ்டிங்குக்குப் போவது பிறர் நடத்தும் மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும். அங்கே அவரை உருவாக்குகிறவர் பணியிட மேற்பார்வையாளர். அவருக்குக் கல்லூரியின் நம்பிக்கையோடு தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஓராண்டு சொல்லிக்கொடுத்த முழுமை, ஒரு நோயாளிக்குப் பதினைந்து நிமிடம் என்ற அட்டவணையில் கரைந்துபோக வழியுண்டு. லோமா லிண்டாவுக்குச் சொந்த மருத்துவமனை இருப்பதால் வகுப்பறைச் சொல்லையும் வார்டு நடைமுறையையும் ஒரே நிர்வாகம் இணைக்க முடிகிறது. 1992இல் சென்னையில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பிசிஷியன் அசிஸ்டென்ட் பயிற்சியைத் தொடங்கியதும் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில்தான். வார்டு கையில் இல்லாத கல்லூரி தன் தனித்தன்மையைப் பாதிப் படிப்புக்கு மேல் உறுதிசெய்ய முடியாது.

மனச்சாட்சி பற்றிய சர்ச்சையில் இரு தரப்பும் அளவு மீறுகின்றன. 1973இன் சர்ச் திருத்தங்கள் என்ற கூட்டாட்சிச் சட்ட விதிகள் கருக்கலைப்பிலும் கருத்தடை அறுவையிலும் பங்கேற்க மறுக்கும் உரிமையைக் காக்கின்றன. அவை செயலிலிருந்து விலக்குத் தருகின்றன, அறிவிலிருந்து தரவில்லை. கருத்தடை மாத்திரையின் முரண்குறிகள் தெரியாத மாணவர் எந்தக் கொள்கையோடு வந்தாலும் அரைகுறைப் பயிற்சி பெற்றவரே. பாடத்தை முழுமையாகக் கற்பித்துவிட்டு, விலக எண்ணும் மாணவருக்கு அதை நோயாளியிடம் எப்படி நேர்மையாகச் சொல்வது என்றும் கற்பிக்கும் கல்லூரியை நான் மதிக்கிறேன்.

வெளிநாட்டு மருத்துவ ஊழியப் பயணங்களைப் பற்றி எனக்கு இவ்வளவு பொறுமை இல்லை. உள்நாட்டில் மேற்பார்வையின்றித் தொடக்கூடாத ஒன்றை மாணவர் வேறொரு நாட்டின் ஏழை உடலில் பழகுவது சேவையாகாது. அதே மேற்பார்வை, அதே வரம்பு, திரும்பிய பின் நோயாளியைத் தொடர்ந்து பார்க்க உள்ளூர் மருத்துவர் ஒருவர்: இவை மூன்றும் இருந்தால் பயணத்தைப் பாடமாகக் கருதலாம்.

கடைசியாகப் பணம். 2025இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு கிராட் பிளஸ் என்ற முதுகலை மாணவர் கடனை நிறுத்துகிறது. பொதுவான முதுகலை மாணவருக்குக் கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்று வரம்பிடுகிறது. தனியார் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் இந்த வரம்பைத் தாண்டும். பெருங்கடனோடு வெளியேறும் இளைஞர் மலைநாட்டுக் கிளினிக்கை விட்டு நகரத்துத் தோல் மருத்துவ நிலையத்தைத் தேர்ந்தால் அவர் மீது குறைகாண எனக்கு மனமில்லை. சேவையைப் போதித்துக்கொண்டே சேவை கட்டுப்படியாகாத கட்டணம் வைப்பது கல்லூரியின் முரண். நோக்க அறிக்கையையும் கணக்கேட்டையும் அருகருகே வைத்தால் அது தெரியும்.

பிலிப்பியின் முடிவும் இந்தக் கணக்கில் சேர வேண்டியது. கடனில் மூழ்கி, ஊர் நகராட்சிக்கே பல லட்சம் டாலர் கட்டணப் பாக்கி வைத்த ஆல்டர்சன் பிராடஸின் பட்டம் வழங்கும் உரிமையை ரத்துசெய்வதென மாநில உயர்கல்வி ஆணையம் 2023 ஜூலை 31இல் முடிவெடுத்தது. வகுப்புகள் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. சிறந்த வடிவமைப்பும் நிர்வாகச் சீர்கேட்டைத் தாங்காது. மாணவரிடம் கொடுத்த வாக்கைக் காப்பதற்கு வரவுசெலவு நேராக இருப்பதும் நம்பிக்கையின் கடமைகளுள் ஒன்றே.

இவற்றை எல்லாம் வைத்து என் தீர்ப்பு இது. மருத்துவத் தரத்தில் கிறித்துவப் பயிற்சி என்று தனி வகை இல்லை, இருக்கவும் கூடாது. நோயாளியோடு பேசும் கலையில், அதைத் தேர்வாக்கிய கல்லூரிகளுக்குத் தெளிவான மேன்மை உண்டு. மருத்துவமனையும் உடையவை ஒருபடி மேல். சேவை என்ற பெரிய உரிமைகோரலில் இன்றைய கல்லூரிகள் 1968இன் பிலிப்பிக்குக் கீழேதான் நிற்கின்றன. அவை மேலேற வேண்டுமானால் பான்ஸ் தேர்ச்சி விழுக்காட்டை விதிப்படி வெளியிடுவதுபோல், ஐந்து ஆண்டுக்கு முன் வெளியேறிய அணி இன்று எந்த மாவட்டங்களில், எந்தத் துறைகளில் வேலை பார்க்கிறது என்பதையும் தாமாகவே வெளியிடலாம். விண்ணப்பிக்கும் மாணவர் நேர்காணலில் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.