கம்பை எது தொட்டது?

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் காலையில் உலாவப் போகிற வழக்கம் எனக்கு உண்டு. டாக்டர் நடக்கச் சொன்னார் என்பது வீட்டாருக்குச் சொல்லும் காரணம். உண்மையில், ஓடுகிறவர்களையும் தாண்டுகிறவர்களையும் வேடிக்கை பார்ப்பதில் எனக்கு ஒரு சபலம். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள், அங்கே பள்ளிப் பிள்ளைகள் சிலர் உயரம் தாண்டிப் பழகிக் கொண்டிருந்தார்கள். கால் சூம்பிப் போன பையன் ஒருவன் ஓடி வந்து தாண்டினான். கம்பு விழுந்து விட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். "பாவம், என்ன தைரியம் பாருங்க!" என்று பக்கத்தில் நின்ற பெரியவர் கண்ணைத் துடைத்துக் கொண்டார். நானும் பலமாகவே தட்டினேன்.

பையன் மெத்தையிலிருந்து எழுந்து நேரே எங்களிடம் வந்தான்.

"சார், கம்பை எது தொட்டுச்சு? முதுகா, குதிகாலா?"

எனக்குத் தெரியவில்லை. பெரியவருக்கும் தெரியவில்லை. இருபது பேர் நின்று கொண்டிருந்தோம். ஒருவரும் தாண்டலைப் பார்த்திருக்கவில்லை. பையன் எங்கள் முகங்களைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு பேசாமல் திரும்பிப் போய், மறுபடி தன் ஓட்டத்துக்கு அடி அளக்க ஆரம்பித்து விட்டான்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து, மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றி நான் முன்பு எழுதியிருந்த கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தேன். 2016-ஆம் வருஷம் ரியோ நகரத்துப் பாராலிம்பிக்கில், சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டிக்காரரான அந்த இருபத்தொரு வயது இளைஞர் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது, உணர்ச்சி மேலிட எழுதியது. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் வலது காலின் மேல் பஸ் ஏறிய விபத்துக்குப் பதினைந்து வரி கொடுத்திருந்தேன். காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய தாயாருக்கு இருபது வரி. அரசாங்கம் அறிவித்த இரண்டு கோடி ரூபாய்க்கு ஐந்து வரி. தாண்டலுக்கு எத்தனை தெரியுமா? ஒன்று. "சீறிப் பாய்ந்தார்" என்று எழுதியிருந்தேன். பாம்புக்கும் புலிக்கும் பொருந்துகிற அந்த ஒரு வரியைத் தவிர, அவர் செய்த காரியத்தைப் பற்றி என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

என்னைப் போலத்தான் மற்றவர்களும் எழுதினார்கள் என்பது ஒரு சமாதானம். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அது போதாது. நம்முடைய இந்தக் கட்டுரைகளில் பஸ் ஏதோ செய்கிறது, தாயார் ஏதோ செய்கிறார், விதி செய்கிறது, சர்க்கார் செய்கிறது. கதாநாயகன் மட்டும் எதுவும் செய்வதில்லை. அவனுக்கு நேர்வதைச் சொல்லி முடித்ததும் பதக்கம் வந்து விடுகிறது. இப்படி ஒரு நாவல் எழுதினால் வாசகர்கள் இரண்டாம் அத்தியாயத்திலேயே மூடி வைத்து விடுவீர்கள்.

பெருமையும் இதே வேலையைத்தான் செய்கிறது. 1958-ல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் தாண்டி, இலங்கைக்கு அந்தப் போட்டிகளில் முதல் தங்கத்தைக் கொண்டு வந்தவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். "தமிழன் தலை நிமிர்ந்தான்" என்று சொல்லி விட்டு நகர்ந்து விடுகிறோம். அங்கே பெருமை, இங்கே பரிதாபம். இரண்டிலும் கண்ணில் நீர் திரண்டு விடுகிறது. நீர் திரண்ட கண்ணுக்குக் கம்பு தெரியாது.

நமக்குப் பார்க்கவே தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. தை மாதத்தில் அவனியாபுரத்துக்கோ, பாலமேட்டுக்கோ, அலங்காநல்லூருக்கோ போய்ப் பாருங்கள். படிப்பு வாசனையே இல்லாத கிழவர்கூட, "அவன் வாலைப் பிடிச்சான், செல்லாது; இவன் திமிலைப் பிடிச்சு மூணு துள்ளல் தாங்கினான், மாடு பிடிபட்டது" என்று தீர்ப்புச் சொல்வார். மாடு பிடித்தவனின் குடும்ப கஷ்டத்தை அங்கே யாரும் விசாரிப்பதில்லை. பிடித்த பிடியைப் பேசுகிறார்கள். அவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன இருக்க முடியும்?

உயரம் தாண்டலிலும் அப்படிப் பேச விஷயம் நிறைய இருக்கிறது. கம்பு நான்கு மீட்டர் நீளம். எடை இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. இரு பக்கமும் தாங்கிகளின் மேல் கட்டாமல் வைத்திருப்பார்கள். தொட்டாலும் விழாமல் நின்று விட்டால் செல்லும். ஒற்றைக் காலால்தான் எழும்ப வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டியதுதான். இருவர் ஒரே உயரத்தில் நின்றால், அந்த உயரத்தில் யார் குறைவாகத் தவறினார் என்று பார்ப்பார்கள். ரியோவில் அமெரிக்காவின் சாம் க்ரூவும் நம் நாட்டு வருண் சிங் பாட்டியும் தாண்டியது ஒரே 1.86 தான், ஒருவருக்கு வெள்ளி, மற்றவருக்கு வெண்கலம்.

ஓடி வரும் வேகத்தைக் கடைசி அடியில் உயரமாக மாற்றுவதுதான் இதன் சூட்சுமம். ஒரு பாதம் நசுங்கியவருக்கு, அந்த ஓட்டத்தில் ஒன்று விட்டு ஒன்று ஒவ்வோர் அடியும் ஒரு கணக்கு. நான் பதினைந்து வரி எழுதிய விபத்துக்கு உரிய இடம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. 2021-ல் டோக்கியோவில் போட்டி நடக்கும்போது மழை பிடித்துக் கொண்டது. பழுதான காலில் போட்டிருந்த காலுறை நனைந்து விட்டதால் சிரமப்பட்டதாக மாரியப்பன் பிறகு சொன்னார். 1.86 தாண்டி வெள்ளி பெற்றார், க்ரூ 1.88 தாண்டித் தங்கத்தைக் கொண்டு போனார். வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர். ஒரு நனைந்த காலுறையை வைத்துக் கொண்டு எத்தனை பக்கம் எழுதலாம்! நாம் எழுதவில்லை.

2024-ல் பாரிஸில் அவருக்கு 1.85 மீட்டரில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கிலும் தொடர்ந்து பதக்கம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். ஆனாலும், "தங்கம், வெள்ளி, வெண்கலம், இறங்கு முகம்தானே?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். எண்களை வரிசையாக எழுதிக் காட்டினேன். 1.89, 1.86, 2024 மே மாதம் கோபே நகரத்து உலகப் போட்டியில் தங்கம் வென்ற 1.88; பிறகு 1.85. எட்டு வருஷத்தில் மொத்த வித்தியாசம் இரண்டு விரற்கடை. பாரிஸில் 1.94 தாண்டித் தங்கம் வென்ற அமெரிக்கர் எஸ்ரா ஃப்ரெச்சுக்கு, ரியோ போட்டியின்போது பதினொரு வயது. புதியவர்கள் வளர்ந்து வந்து கம்பை உயர்த்திக் கொண்டே போனார்கள். இவர் இருபத்தொன்பது வயதிலும் தம் உயரத்தை விட்டுக் கொடுக்காமல் நின்றார். நாவலாசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் தங்கத்தைவிட அந்த வெண்கலத்தில்தான் கதை இருக்கிறது.

அந்தத் தாயாரின் உழைப்பை எழுதக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எழுத வேண்டும். ஆனால் அவர் மகனை வளர்த்தது நாம் அழுவதற்காக அல்ல அல்லவா?

ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு இன்றும் போகிறேன். அந்தப் பையனை அப்புறம் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் கும்பலோடு எதிரே நிற்பதில்லை. கம்பின் ஓரமாகப் போய், அதன் மட்டத்துக்குக் கண்ணை வைத்துக் கொண்டு நிற்கிறேன். யாராவது வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.