குப்பைமேட்டு வயலின்

2015-இல் வெளிவந்த ‘லாண்ட்ஃபில் ஹார்மானிக்’ படத்தைப் பார்த்தவர்களெல்லாம் வாத்தியங்களைப் பற்றியே பேசுகிறார்கள். பராகுவே நாட்டுக் கத்தேயூரா குப்பைமேட்டில் பொறுக்கிய தகரத்தில் வயலின், எண்ணெய்ப் பீப்பாயில் செல்லோ. அதிசயந்தான். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அங்கே நல்ல வயலின் ஒன்று குடியிருக்கும் வீட்டைவிட விலை கூடியது; ஏழைக் குழந்தை கையில் அது பயம். தகர வயலினை யார் திருடப்போகிறார்கள்? வீட்டுக்குக் கொண்டுபோய் நிம்மதியாகச் சாதகம் பண்ணலாம். நேற்று வராத ஸ்வரம் இன்றைக்கு வந்துவிட்டால் குழந்தைக்கு ஒரு தெம்பு பிறக்கிறதே, அதைக் கைதட்டல் கொடுத்துவிடாது. படமோ வெளிநாட்டு மேடைகளில் சொக்கிப்போகிறது. சுற்றுச்சூழல் வேலைக்கு வந்து சங்கீத வாத்தியாரான ஃபாவியோ சாவேஸ் பாடம் சொல்லும் நேரத்தை, அபஸ்வரங்களோடு, இன்னும் ஒரு கால்மணி காட்டியிருக்கலாம்.