இறால் காலத்துக் கிறிஸ்துமஸ்

திருவருகைக்காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் நம் சபைகளின் பிரசங்க மேடைகளிலிருந்து தவறாமல் எழும் கண்டனம் ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் வணிகர்களின் திருநாளாகிவிட்டது. புத்தாடை, கேக், பட்டாசு, நட்சத்திர விளக்கு என்று விசுவாசிகள் பணத்தை வாரி இறைக்கின்றனர். முன்னணையில் கிடத்தப்பட்ட பாலகனுக்கு இந்த ஆடம்பரம் ஏற்குமா என்பது அதன் சாரம். இதனை நாம் பொய்யென்று சொல்ல வரவில்லை. சென்னை தியாகராய நகரின் துணிக்கடைகளில் டிசம்பர் மாத மாலையொன்றைக் கழித்தவர் எவரும் அவ்வாறு சொல்லார். ஆயினும் நகரச் சபைக்கென எழுதப்பட்ட இக்கண்டனம் ஒரு வரியும் மாறாமல் கடற்கரைக் குப்பங்களிலும் வாசிக்கப்படுகிறது. பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவர் குப்பங்களில் நின்று கேட்கும்போது அது எவ்வாறு ஒலிக்கும் என்பதை இங்கே திறனாய்ந்து பார்க்க விரும்புகிறோம்.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், தமிழகத்திலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது இந்த உவர்நீர் ஏரி. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் இதில் வந்து சேருகின்றன. குப்பங்களில் வாழ்வோரில் பெரும்பான்மையோர் இந்துக்கள். போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து கத்தோலிக்கரும், அதற்கும் முந்திய வணிகத் தொடர்புகளால் இஸ்லாமியரும் இங்கு உள்ளனர். நம் மரபைச் சார்ந்த சபைகள் சிறியவை.

நம் பிரசங்கத்தின் அடியில் எழுதப்படாத ஒரு நாட்காட்டி இருக்கிறது. அது மாதச் சம்பளக்காரரின் நாட்காட்டி. அவருக்குப் பன்னிரண்டு மாதமும் வரவு ஒன்றே. டிசம்பரில் செலவு மட்டும் ஏறுகிறது. ஆகவே டிசம்பர் செலவைக் குறைத்துக்கொள் என்று அவரிடம் கூறுவது பொருத்தமே. ஏரியின் நாட்காட்டி வேறு. கோடையில் முகத்துவாரம் மணல் மேடிட்டுத் தூர்ந்துபோகிறது. கடல்நீர் உள்ளே வருவது தடைப்பட்டு, ஏரி வற்றி, உப்புக் கடுத்து, வலை வெறுமையாகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஆறுகளில் வெள்ளம் வந்தால் முகத்துவாரம் திறக்கும். ஏரியில் வளர்ந்த இறால் கடலை நோக்கி நகரும். நீரோட்டத்தின் குறுக்கே வலை கட்டுவோருக்கு அதுவே அறுவடை. அக்டோபர் முதல் ஜனவரி வரை கையில் காசு புரளும் காலம்; தீபாவளியும் கிறிஸ்துமஸும் பொங்கலும் அதனுள்ளேயே அடங்குகின்றன. பிள்ளைக்கு ஆண்டில் ஒரு முறை நல்ல துணி எடுப்பதென்றால் இக்காலத்தில்தான் எடுக்க இயலும். பொன்னேரிக் கடைத்தெருவுக்கோ வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கோ பேருந்தேறிச் செல்லும் அந்தத் தாயைப் பார்த்து ஆடம்பரம் என்று சொல்லுகிறவர், அவள் மே மாதத்தில் என்ன உண்டாள் என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

இந்த அறுவடை எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பது இறையியல் மாணவர் ஊன்றிக் கற்க வேண்டிய பாடம். ஏரியின் இறால் நிலைகளில் யார் எந்நாளில் வலை கட்டலாம் என்பதைப் பட்டினவர் குப்பங்கள் சீட்டுக் குலுக்கி முறைப்படுத்துகின்றன. இதற்குப் பாடு என்று பெயர். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1991இல் வெளியிட்ட செபாஸ்டியன் மாத்யூவின் ஆய்வு இம்முறையை விரிவாக விளக்குகிறது. நல்ல நிலை எவருக்கும் நிரந்தரமாகச் சொந்தமன்று. இன்று ஒரு குழுவுக்கு வாய்த்தது நாளை அடுத்த குழுவுக்குச் செல்லும். யோசுவா சீலோவிலே கோத்திரங்களுக்காகச் சீட்டுப்போட்ட நிகழ்ச்சியை நாம் வகுப்பறையில் பழங்கதையாகப் படிக்கிறோம். இங்கே அது நடைமுறை. நம் வேதாகமத் தமிழில் பாடு என்றால் துன்பம். குப்பத்துத் தமிழில் அது முறையையும் பங்கையும் குறிக்கிறது. லெந்து நாட்களில் இங்கே பிரசங்கிக்கப் போகிறவர் இதை அறிந்து போவது நல்லது.

பாட்டு முறையைப் பொன்னுலகமாக வரைவதும் தவறு. அதன் உரிமை குறிப்பிட்ட குப்பங்களின் குறிப்பிட்ட குடும்பங்களுக்கே உண்டு. வெளியே நிற்போர் பலர். இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். சீட்டுக் குலுக்கலில் அவர்களுக்குப் பெயரில்லை.

நீரில் பங்கு முறையாக இருப்பினும், கரையேறியதும் நியதி மாறிவிடுகிறது. வலைக்கும் படகுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் தம் இறாலை அவருக்கே கொடுக்க வேண்டும். ஏலத்தில் பிறர் கேட்கக்கூடிய விலை அவருக்கு இல்லை. தரமான இறால் ஏற்றுமதிக்குப் போகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆண்டிறுதி விருந்துகளை முன்னிட்டு இறாலுக்குத் தேவை கூடும் என்பது அத்தொழிலில் உள்ளோர் அறிந்ததே. கிறிஸ்துமஸ் நுகர்வு என்று நாம் பேசுகிறோமே, இந்த ஏரியைப் பொறுத்தவரையில் அதன் முதல் வடிவம் இது: பிறர் மேசைக்குப் போகும் இறால். முன்பணக் கழிவும் அடகு மீட்பும் சீட்டுத் தவணையும் போக மிஞ்சியதில் வாங்கும் ஒரு பாவாடை சட்டை அதன் கடைசி வடிவம். நம் மேடைகள் கடைசி வடிவத்தை மட்டுமே கண்டிக்கின்றன.

பண்டிகைச் செலவைக் கண்டிப்பது நம் சீர்திருத்த மரபில் புதிதன்று. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸை நீக்கியது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் அதைக் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தனர்; 1681இல்தான் அச்சட்டம் நீங்கியது. வரலாற்றாசிரியர் ஸ்டீபன் நிசன்பாம் 1996இல் வெளியிட்ட நூலில், வடபுலத்து உழவருக்கு டிசம்பர் என்பது அறுவடை முடிந்து, கால்நடைகளை அறுத்து, புதிய மது வடித்து முடித்த மிகுதியின் காலம் என்றும், ஏழைகள் செல்வர் வீட்டு வாசலில் சென்று உரிமையோடு விருந்து கேட்ட காலம் என்றும் காட்டுகிறார். 19ஆம் நூற்றாண்டில் அது குடும்பத்துக்குள் சுருங்கிப் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கும் திருநாளாயிற்று, கடைகள் பெருகின. நாம் இன்று கண்டிக்கும் வணிகக் கிறிஸ்துமஸ் இந்தச் சுருங்கிய கிறிஸ்துமஸ். இறால் காலத்துக் குப்பத்தில் நடப்பதோ அதற்கு முந்திய உழவரின் டிசம்பருக்கே நெருங்கியது.

பழவேற்காட்டுக்கே உரிய வரலாறு இன்னும் கசப்பானது. 1613இல் இங்கே கெல்திரியாக் கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனி, துணியை மட்டுமன்றி 17ஆம் நூற்றாண்டில் மனிதரையும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. 1632 முதல் 1642 வரை இங்கே போதகராயிருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1651இல் லைடனில் வெளியான நூல், இந்து சமயத்தைப் பற்றி ஐரோப்பாவில் தோன்றிய தொடக்ககால நூல்களுள் சிறந்ததென்று போற்றப்படுகிறது. பிராமணரின் வாழ்வும் வழிபாடுமே அதன் பொருள். அதே கம்பெனியின் தலைமை ஆளுநர் யாக்கோப் மோசல் 1754இல் பத்தாவியாவிலிருந்து ஆடம்பரத் தடைச் சட்டம் பிறப்பித்தார். யார் எத்தகைய வண்டியில் செல்லலாம், எத்தகைய நகை அணியலாம் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டது. கம்பெனியின் இலாபத்துக்கு அத்தகைய வரையறை ஏதும் விதிக்கப்படவில்லை. ஆடம்பரத்தைக் கண்டிப்பது ஆதிக்கத்துக்கு எத்துணை எளிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

திருமறை பண்டிகைச் செலவை எவ்வாறு நோக்குகிறது? உபாகமம் 14ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் தெரிந்துகொண்ட இடம் தொலைவாயிருந்தால் தசமபாகத்தை விற்றுப் பணமாக்கிக்கொண்டு சென்று, அங்கே மனம் விரும்பும் எதையும், ஆடுமாடுகளையும் திராட்சரசத்தையும் உட்பட, வாங்கிக் குடும்பத்தோடு உண்டு மகிழும்படி கட்டளையிடப்படுகிறது. காணிக்கைப் பணத்தை எடுத்துக் கடைத்தெருவில் செலவிடச் சொல்லும் இப்பகுதியைத் திருவருகைக்காலத்தில் எவரும் பிரசங்கிப்பதாகத் தெரியவில்லை. அதை அடுத்தே லேவியனையும் அந்நியனையும் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் மறவாதே என்ற கட்டளை வருகிறது என்பது நோக்கற்பாலது. ஆமோஸ் 8ஆம் அதிகாரத்தில் பண்டிகை எப்போது முடியும் என்று தவிப்பவர்கள் ஏழைகளல்லர். மரக்காலைச் சிறிதாக்கி, கள்ளத் தராசால் வஞ்சிக்கக் காத்திருக்கும் வணிகர்கள். யாக்கோபின் நிருபம் கூக்குரலிடுவதாகக் கூறுவது பிடித்துவைக்கப்பட்ட கூலியை. பெத்தானியாவில் முந்நூறு பணம் பெறும் தைலம் ஊற்றப்பட்டபோது செலவைக் கணக்கிட்டவன் யார் என்பதை மாணவர்க்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

எதிர்வாதம் ஒன்று எழும். குப்பங்கள் முன்போல் இல்லை. தவணையில் கைப்பேசி, தள்ளுபடி விளம்பரங்கள், மதுக்கடை எல்லாம் அங்கும் வந்துவிட்டன அல்லவா? வந்துவிட்டன. ஆனால் மதுவையும் குழந்தையின் சட்டையையும் ஒரே மூச்சில் ஆடம்பரம் என்று சொல்லுகிற பிரசங்கம் மதுவைக் கண்டிக்கும் வலுவையும் இழந்துவிடுகிறது. மதுவைப் பற்றிக் குப்பத்துப் பெண்கள் பேசுவதே நம் பிரசங்கங்களினும் கூர்மையாக இருக்கிறது. கடனும் மெய்யே. சிறுகடன்களின் தவணை குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. மாத வருமானம் என்ற ஒன்றே இல்லாத இடத்தில் அந்தப் பாதியை எவ்வாறு கணக்கிடுவது? வலை வெறுமையாயிருக்கும் மாதத்திலும் தவணை நாள் வரத்தான் செய்கிறது.

டிசம்பர் இக்கரையில் அறுவடையின் மாதம் மட்டுமன்று. புயலின் மாதமும் ஆகும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் பெருவெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பரவி, தெற்கே எண்ணூர்க் கழிமுகத்து மீனவரின் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. அவ்வாண்டு எளிய கிறிஸ்துமஸ் கொண்டாடுங்கள் என்று அக்கரையில் எவரேனும் பிரசங்கித்திருந்தால், அதற்கு என்ன பொருள் இருந்திருக்கும்?

2004இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமையன்று வந்தது. மறுநாள் ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை வந்தது. பண்டிகைக் களியாட்டத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று அந்நாட்களில் சில மேடைகளில் பேசப்பட்டது. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்களைப் பற்றி ஆண்டவர் கேட்ட கேள்வியை அப்பிரசங்கியர் மறந்தனர். அதுமுதல் கரையோரக் குப்பங்களில் டிசம்பர் 25ஆம் நாளின் புத்தாடையும், 26ஆம் நாளில் கடலில் பாலும் மலரும் இட்டுச் செலுத்தும் அஞ்சலியும் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த மக்களிடையே புத்தாடையைப் பற்றிப் பேச நேரும் போதகர் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவாராக.

இனி, சபையின் கணக்குக்கு வருவோம். டிசம்பரில் விசுவாசியின் பணத்தை நாடுவோர் வணிகர் மட்டுமல்லர். வீடுவீடாகக் கீதம் பாடிச் செல்லும் குழுவின் கையில் காணிக்கைப் பை இருக்கிறது. பெயரெழுதிய காணிக்கை உறை முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆலய அலங்காரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அசனத்துக்கும் தனித்தனி வசூல். சில சபைகளில் தொகை பெயரோடு வாசிக்கப்படுகிறது அல்லது பலகையில் ஒட்டப்படுகிறது. வியாபாரியின் முன்பணம் தீராத ஒரு விதவை அந்த உறையை வெறுமையாகத் திருப்பித் தர இயலுமா? துணிக்கடைக்குப் போகாமல் இருக்க அவளால் முடியும். வாசலில் வந்து நிற்கும் கீதக் குழுவுக்குக் கதவைச் சாத்த அவளால் முடியாது. ஆடம்பரத்தைக் கண்டிக்கும் பிரசங்கமும் இந்த உறையும் ஒரே ஆராதனையில் இடம்பெறுகின்றன என்பதே அப்பிரசங்கத்தைக் குறித்து நாம் கூறக்கூடிய மிகக் கடுமையான விமரிசனம்.

நிசன்பாம் காட்டும் பழைய வழக்கில் பாடி வந்தோர் ஏழைகள்; கொடுத்தோர் செல்வர். நாம் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். குறைந்தது உறையில் பெயரெழுதுவதையும் தொகையை வாசிப்பதையும் நிறுத்த எந்தப் பேராயத்தின் அனுமதியும் தேவைப்படாது. சபைக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். கீதக் குழு பையின்றிச் சென்று, பாட்டுரிமை இல்லாத வீடுகளில் முதலில் பாடலாம். உறைகள் பெரும்பாலும் நவம்பரிலேயே அச்சாகிவிடுகின்றன. ஆகவே இதைச் சபைக் குழு பேச வேண்டிய மாதம் அக்டோபர். முகத்துவாரம் திறந்ததா, முதல் பாடு யாருக்கு விழுந்தது என்று போதகர் குப்பத்தில் விசாரித்து வர வேண்டிய மாதமும் அதுவே.