சமயமின்மை ஆய்வுகளும் இந்தியத் திருமணச் சட்டங்களும்

அரசின் இயல்பைச் சுட்டும் 'மதச்சார்பின்மை', தனிமனிதர் நிலையைச் சுட்டும் 'சமயமின்மை' ஆகிய இரண்டையும் ஒருபொருட் சொற்களாக ஆளும் போக்கு தமிழாய்வில் காணப்படுகிறது. போதாக்குறைக்கு 'நாத்திக'மும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. இம்மயக்கம் சொல்லளவில் நிற்பதன்று.

மகாராட்டிரப் பகுத்தறிவு இயக்கத்தாரைக் கள ஆய்வு செய்து 2012இல் நூல் வெளியிட்ட ஜொஹானஸ் குவாக், சமயமின்மையைச் சமயத்தோடு கொள்ளும் உறவாகக் காண வேண்டும் எனப் பின்னர் வலியுறுத்தினார். ஏற்கத்தக்க கருத்தே. ஆயின் இந்தியாவில் அவ்வுறவின் எல்லையை வரைவதில் சட்டத்திற்குள்ள பங்கு தனியே நோக்கத்தக்கது.

இதற்கு வங்கமே முதற்சான்று. கேசவ சந்திர சென் தலைமையிலான பிரம்ம சமாஜத்தார் தம் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கோரினர். ஆதி பிரம்ம சமாஜத்தாரோ தாம் இந்துக்களே என எதிர்த்தனர். விளைவாக 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், மணமக்கள் தாம் இந்து, கிறித்துவ, இசுலாமிய முதலிய சமயங்களைப் பின்பற்றுவோர் அல்லர் என உறுதிமொழியுமாறு விதித்தது. ஆழ்ந்த இறைப்பற்றுடையோர் சமயமிலிகளாகக் கையொப்பமிட நேர்ந்தது! இச்சிக்கல் அந்நூற்றாண்டோடு முடியவில்லை. கொல்கத்தாவில் கரியாஹாட்டை அடுத்த கோல்பார்க்கில் பண்பாட்டு நிறுவனம் நடத்திவரும் இராமகிருஷ்ண மிஷன், தன்னை இந்து சமயத்தினின்று வேறான சிறுபான்மையாக ஏற்குமாறு வழக்காடியது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

தமிழகத்தில் நிகழ்ந்தது இதன் மறுதலை. புரோகிதர் இன்றி, சடங்கு இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லா என 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய திருத்தம் முன்னர் நடந்த மணங்களையும் செல்லத்தக்கனவாக்கியது. சுயமரியாதை இயக்க வரலாறு எழுதுவோர் இதனை வெற்றியெனப் போற்றுவர், வெற்றியே, ஐயமில்லை. எனினும் அத்திருத்தம் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவாக, 'இந்துக்கள் இருவர்' இடையிலான மணத்திற்கே இடமளிக்கிறது என்பதை அவர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர். மேலும் அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு, இசுலாமியர், கிறித்துவர், பார்சியர், யூதர் அல்லாதாரையும் பொதுவாகத் தன்னுள் அடக்குகிறது. சமயத்தை மறுத்தவர் எஞ்சியோர் என்ற வகையில் இந்துவாகவே எண்ணப்படுகிறார். இந்தியர் என்னும் அடையாளத்தோடு இந்து என்பது ஓசையின்றி ஒட்டிக்கொள்ளும் இடங்களுள் இதுவும் ஒன்று.

ஆகவே 2011 கணக்கெடுப்பில் 'சமயம் குறிப்பிடாதோர்' ஏறத்தாழ 28.67 இலட்சம் என்பதைக் கொண்டு சமயமின்மையை அளப்பது பொருந்தாது. மறுத்தவர்களுள் எத்தனையோ பேர் இந்துக்களின் தொகையுள் இருக்கக்கூடும். சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்களையும் அம்மணமக்களின் பதிவாவணங்களையும் ஒப்பிட்டுக் காணும் ஆய்வே இன்று வேண்டப்படுவது.