பாடகர் இல்லாத இசைத்தட்டு

1972இல் ஜெனசிஸ் குழு வெளியிட்ட ‘ஃபாக்ஸ்ட்ராட்’ தட்டின் இரண்டாம் பக்கம் தனிக் கிட்டாரில் தொடங்குகிறது. ஸ்டீவ் ஹாக்கெட் வாசித்த ‘ஹொரைசன்ஸ்’ அது. பாஹின் முதல் செல்லோ தொகுதியின் முகப்பிலிருந்து கரு எடுத்தது. இரண்டு நிமிடம்கூட நீளாது. அது ஓய்ந்ததும் பீட்டர் கேப்ரியேலின் குரலில் இருபத்து மூன்று நிமிட நெடும்பாடல் வருகிறது. புரோகிரசிவ் ராக் கிட்டார் கலைஞர்களின் தனி ஆல்பங்களைப் பற்றி எழுதுவோர், அவர்கள் குழுவைவிட்டு விலகிய நாளிலிருந்து கதையைத் தொடங்குவது வழக்கம். வித்து அதற்கு முன்பே, குழுவின் தட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டது என்பேன். யெஸ் குழுவின் 1971ஆம் ஆண்டுத் தட்டுகளில் ஸ்டீவ் ஹவ் தனித்து வாசித்த ‘கிளாப்’, ‘மூட் ஃபார் எ டே’ இரண்டும் இதே இனம்.

இவற்றின் அழகில் பாதி அவற்றின் குறுக்கத்தில் இருக்கிறது. நாற்பது நிமிடத்துக்கு அதை எப்படி நீட்டுவது? சொல் இருந்தால் கதை இழுத்துச் செல்லும். சொல் இல்லாதபோது கேட்பவரை எது பிடித்துவைக்கும்? நல்ல கருவியிசை ஆல்பம் ஒவ்வொன்றும் இதற்குத் தனக்கான விடையைத் தேடியிருக்கிறது.

நெதர்லாந்தின் ஃபோக்கஸ் குழுவைச் சேர்ந்த யான் அக்கர்மன் 1973இன் ‘டாபர்னாக்கல்’ ஆல்பத்தில் மின் கிட்டாரோடு லூட் என்னும் பழைய ஐரோப்பிய நரம்புக் கருவியையும் எடுத்தார். ஜான் டவ்லண்ட் போன்ற பழைய ஆங்கில இசைஞர்களின் உருப்படிகளை வாசித்தார். ஆர்கெஸ்ட்ராவை அழைத்துச் செய்த நீண்ட பகுதியைவிட அந்தச் சிறிய லூட் உருப்படிகளே இன்றும் புதிதாக ஒலிக்கின்றன.

கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃபிரிப் வேறு வழியில் போனார். பிரையன் ஈனோ காட்டிய முறை அது: இரண்டு டேப் இயந்திரங்களை இடைவெளிவிட்டு வைத்து, ஒன்றில் பதிவாகும் நாடா மற்றொன்றில் ஓடி ஒலிக்கும், அந்த ஒலி மீண்டும் முதல் இயந்திரத்துக்கே வந்து பதிவாகும். வாசித்த சுரம் சில நொடி கழித்துத் திரும்பி வர, அதன்மேல் அடுத்த சுரத்தை அடுக்கலாம். 1981இன் ‘லெட் த பவர் ஃபால்’ முழுக்க இப்படி எழுந்தது. திரும்பி வந்து சேரும் ஒலியே அங்கே வடிவத்தைத் தருகிறது.

ஆனால் இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் வாழ்ந்தவர் ஹாக்கெட்தான். மின் கிட்டாரில் வலக்கை விரலால் தந்தியைத் தட்டி வாசிக்கும் ‘டாப்பிங்’ முறையை ராக்கில் முன்னோடியாகக் கையாண்டவர்களில் ஒருவர். 1977இல் ஜெனசிஸை விட்டு விலகினார். 1983இன் ‘பே ஆஃப் கிங்ஸ்’ ஆல்பத்தில், தமக்குப் பெயர் வாங்கித்தந்த அந்த மின்னொலியை ஒதுக்கிவிட்டு நைலான் தந்திக் கிட்டாருக்கு வந்தார். தம்பி ஜானின் புல்லாங்குழலும் உண்டு. ‘ஹொரைசன்ஸ்’ அதில் மறுபடி இடம்பெற்றது. குழுவின் தட்டில் நெடும்பாடலுக்கு வாசற்படியாக இருந்தது இங்கே தன்னினத்தோடு சேர்ந்து நிற்கிறது. 1997இல் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவோடு, ஷேக்ஸ்பியரின் நாடகத்தை ஒட்டி ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ செய்தார்.

பெருந்தொற்றால் மேடைகள் மூடிக்கிடந்தபோது உருவாகி 2021இல் வெளிவந்த ‘அண்டர் எ மெடிட்டரேனியன் ஸ்கை’ இந்த வரிசையின் சிகரம். விடை இங்கே நிலம். மால்ட்டாவின் மதில் நகரமான இம்தினாவிலிருந்து பயணம் தொடங்குகிறது. ரோஜர் கிங் அமைத்த ஆர்கெஸ்ட்ரா ஒலி பெருகிப் பின்வாங்க, கிட்டார் தனியே பேசுகிறது. இடையில் ஸ்கார்லாட்டியின் சொனாட்டா ஒன்று துணையேதுமின்றி வருகிறது. சில இடங்களில் ஆர்கெஸ்ட்ரா திரைப்பட இசைபோல மிகையாக வீங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இடங்களில் எனக்குக் கிட்டார் மட்டுமே வேண்டியிருந்தது.

டிரீம் தியேட்டரின் ஜான் பெட்ரூச்சி அடுத்த தலைமுறை. 2005இன் ‘சஸ்பெண்டட் அனிமேஷன்’ கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றையே நம்புகிறது. அவருடைய வேகத்தைப் பலர் வியக்கிறார்கள், வியக்கத்தக்கதுதான். ஆயினும் அந்த ஆல்பத்தில் நான் தேடிப்போவது ‘லாஸ்ட் விதவுட் யூ’ என்ற மெதுவான உருப்படியை. ஒரு சுரத்தை இழுத்து, அது தேயும்வரை அடுத்ததைத் தொடாமல் பொறுத்திருக்க அவருக்கு அதில் மனம் வந்திருக்கிறது.