சுத்தமான புஸ்தகம்

ராஜபாளையத்தில் பெரியம்மா வீட்டு மர அலமாரியில் இரண்டு தட்டு. மேல் தட்டில் இருந்தவை யாரும் எடுத்துப் படிக்கலாம். கீழ்த் தட்டில் பழைய போர்வைக்கு அடியில் இருந்தவை யாருக்கும் தெரியாது என்பது அவளுடைய நம்பிக்கை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மேலே கல்கி, நா. பார்த்தசாரதி. கீழே சாண்டில்யன். எல்லாம் பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்தவை. ஒரு மே மாத விடுமுறையில் மேல் தட்டிலிருந்து ஒரு தடித்த பைண்டை எடுத்துக் கொடுத்து, "இது நல்ல புஸ்தகம்ப்பா. அசிங்கமா ஒண்ணும் கெடையாது. சாமி வரும், சண்டை வரும்" என்றாள். சிவகாமியின் சபதம்.

அவள் சொன்ன "நல்ல" என்ற வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம்மில் பலர் இந்த நாவல்களை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டு வந்தவர்கள். க.நா.சு. தள்ளினார், 1959இல் செல்லப்பா 'எழுத்து'வை ஆரம்பித்தபோது அந்தத் தள்ளலே ஒரு பாதி முகாந்திரம். தள்ளியது சரிதான். ஆனால் தள்ளிய வேகத்தில் ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டோம்: லட்சக்கணக்கான பேர், அதிலும் வீட்டை விட்டு வெளியே போகாத பெண்கள், இவற்றை 'சுத்தம்' என்று சொல்லி ஏற்றுக்கொண்டார்களே, அந்தச் சுத்தம் எதனால் ஆனது? பொழுதுபோக்கு என்று சொன்னால் விடை ஆகாது. பொழுது எல்லோருக்கும் ஒரே மாதிரியா போகிறது?

சிவகாமியையே எடுத்துக்கொள்வோம். 1944 முதல் 1946 வரை 'கல்கி'யில் வந்தது. வாதாபியை நரசிம்மவர்மப் பல்லவன் 642இல் அழித்தது சரித்திரம். படையை நடத்திய பரஞ்சோதி பின்னால் சிறுத்தொண்டர் ஆனது பெரிய புராணம். நாவுக்கரசர் பாத்திரமாகவே வந்து போகிறார். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி மட்டும் கல்கியின் கற்பனை. இங்கேதான் சரித்திர நாவலாசிரியனுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அதை வாசகர்கள் கவனிப்பதில்லை, விமர்சகர்களும் அதிகம் பேசவில்லை. கற்பனைப் பெண் சரித்திர ராஜாவுக்குப் பட்டமகிஷி ஆக முடியாது. வம்சாவளி இடம் கொடுக்காது. மாமல்லன் பாண்டிய குமாரியைத்தான் மணந்தாக வேண்டும். அப்படியானால் இந்தப் பெண்ணை என்ன செய்வது? கொன்றுவிடலாம். கல்கி கொல்லவில்லை. ஏகாம்பரநாதருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். அவள் சன்னிதியில் தாலி ஏற்று ஆடுகிறாள். மாமல்லன் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் வெளியேறுகிறான். வாசகன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். வம்சாவளிக்குப் பங்கம் இல்லை, சமூகத்துக்கும் பங்கம் இல்லை. பக்தி இங்கே அனுபவம் அல்ல, கொல்லைவாசல்.

கடைசி அத்தியாயத்துக்கு ஒரு தேவாரத்தின் நிழல் இருக்கிறது. அப்பர் பாடிய அந்தப் பெண், பெயரைக் கேட்டதில் தொடங்கி வீட்டையும் ஊரையும் ஒழுக்கத்தையும் உதறிவிட்டுப் போகிறாள். தன்னை இழப்பது அவளுடைய செயல். சிவகாமி எதையும் உதறவில்லை. எல்லாம் அவளிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்ட பிறகு மிச்சம் இருந்த இடத்துக்குப் போகிறாள். இரண்டுக்கும் ஒரே வார்த்தைகளைப் போர்த்தியதில்தான் கல்கியின் சாமர்த்தியம். சாமர்த்தியம் என்பதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்கியின் நாவல்களில் சமயக் கோலம் பெரும்பாலும் ஒற்றனுக்கு உதவுகிறது. பார்த்திபன் கனவில் சிவனடியார் என்று நாம் வணங்குகிறவர் நரசிம்மவர்மனே. சபதத்தில் காவி உடுத்திய நாகநந்தி வாதாபியின் ஒற்றன், பிக்ஷு என்றால் சந்தேகி என்று குழந்தைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். பொன்னியின் செல்வனின் ஆழ்வார்க்கடியான் நிஜமான வைஷ்ணவன்தான், ஆனாலும் நாமமும் தடியும் முதல் மந்திரியின் வேலைக்குத்தான் அதிகம் பயன்படுகின்றன. இவ்வளவு பக்தி மணக்கும் நாவல்களில் ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்து கடவுளோடு போராடும் ஒரு பக்கத்தைக் காட்ட முடியுமா? 2022இலும் 2023இலும் பொன்னியின் செல்வன் இரண்டு பாகப் படமாக வந்தபோது, ஆழ்வார்க்கடியானைப் பார்த்துத் தியேட்டரில் சிரித்தார்கள். தவறாகப் புரிந்துகொண்டு சிரிக்கவில்லை.

நா. பார்த்தசாரதி இந்தப் பக்கத்து மனிதர், நதிக்குடியில் பிறந்தவர். மணிபல்லவம், பாண்டிமாதேவி இரண்டும் பெரியம்மாவின் மேல் தட்டில் இருந்தன. அவருடைய கதாநாயகர்கள் அழகாக இருக்கும்போதே உபதேசமும் செய்வார்கள். குறிஞ்சி மலரைப் படித்துவிட்டு அரவிந்தன், பூரணி என்று குழந்தைகளுக்குப் பெயர் வைத்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருந்தன. இதற்கு மேல் அவரைப் பற்றி இங்கே சொல்லத் தேவையில்லை.

கீழ்த் தட்டுக்கு வருவோம். சாண்டில்யன் பெண்ணை வர்ணிக்க ஆரம்பித்தால் அந்த வார இதழ் தீர்ந்துவிடும். அதனால்தான் போர்வை. ஆனால் கடல் புறாவைக் கடைசி வரை படித்தவர்கள் யோசித்துப் பார்க்கட்டும். அத்தனை வர்ணனைக்கும் பிறகு யாராவது எதையாவது மீறுகிறார்களா? கருணாகரன் காஞ்சனையை மணக்கிறான், மஞ்சளழகியையும் மணக்கிறான். ஒருத்திக்குக்கூடத் துரோகம் இல்லை, ஒரு இரவுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. போர்வைக்கு மேலே இருந்ததும் கீழே இருந்ததும் ஒரே கல்யாண மண்டபத்துக்குத்தான் போய்ச் சேர்கின்றன. ஒன்றில் உடம்பு இல்லை, மற்றதில் உடம்புக்கு விளைவு இல்லை. சுத்தம் என்பது விளைவு இல்லாமை.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஆடிப்பூரத் தேருக்குப் பெரியம்மா தவறாமல் போவாள். தேர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நந்தவனத்தில் துளசிச் செடியடியில் ஒரு நிமிஷம் நின்று, கோதை முகம் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். திரும்பும் பஸ்ஸில் கோதையைப் பற்றியும் சிவகாமியைப் பற்றியும் ஒரே குரலில் பேசுவாள். இரண்டும் அவளுக்கு ஒரே கதை: மனுஷனுக்குக் கிடைக்காதவள் சாமிக்குக் கிடைத்தாள்.

ஒரே கதையா? ஆண்டாள் எழுதியது நூற்று எழுபத்து மூன்று பாசுரங்கள். முப்பது திருப்பாவை, மார்கழியில் ஊரே பாடுகிறது. மீதி நூற்று நாற்பத்து மூன்று நாச்சியார் திருமொழி. அதிலிருந்து ஒரு பத்தை, கல்யாணக் கனவை, மணவறையில் பாடுகிறார்கள். பாடும்போது அது கனவு என்பது மறந்துபோகிறது. தோழியிடம் ஒரு பெண் தான் கண்ட கனவைச் சொல்கிறாள். விடிந்தால் யானைகளும் இல்லை, பூரண கும்பமும் இல்லை, கையைப் பிடித்தவனும் இல்லை. மற்ற பத்துகளில் அவள் மன்மதனிடம் கெஞ்சுகிறாள், குயிலைக் கூவச் சொல்கிறாள், மேகத்தைத் தூது விடுகிறாள், சங்கைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். அவன் வரவில்லை என்றால் தன் மார்பைப் பிடுங்கி அவன் மார்பில் எறிவேன் என்கிறாள். அவன் வந்தான் என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. திருவரங்கத்தில் அரங்கனோடு கலந்தாள் என்பதைச் சொல்வது குருபரம்பரை. முடிவை எழுதியவர்கள் வேறு பேர்.

இதை ஏதோ பக்தர்கள் மறைத்த ரகசியம் போல் இன்றைக்குச் சிலர் எழுதுகிறார்கள். அது நியாயமில்லை. பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரம் முழுவதற்கும் வியாக்கியானம் எழுதியவர்; நாச்சியார் திருமொழிக்கும் எழுதினார்; உடம்பு வந்த இடத்தில் பேனா நிற்கவில்லை, சொல்லுக்குச் சொல் உட்கார்ந்து பொருள் சொன்னார். சமயத்துக்கு இந்த வெட்கம் கிடையாது. வெட்கம் இருபதாம் நூற்றாண்டுப் பத்திரிகை கொண்டுவந்தது. குடும்பத்தில் எல்லோரும் ஒரே பிரதியைப் படிக்க வேண்டியிருந்த காலத்தில், ஒரு பிரதியைப் பத்துப் பேர் படிக்கிறார்கள் என்பதே விற்பனைக் கணக்காக இருந்தபோது, அந்தப் பத்துப் பேருக்கும் பொதுவாக எஞ்சுவது எதுவோ அதுதான் சுத்தம் ஆயிற்று. அதை மதம் என்று வாசகனும் நம்பினான், ஆசிரியரும் நம்பினார்.

ராஜபாளையத்துக்காரனுக்கு இதைச் சோதித்துப் பார்க்க இன்னொரு உரைகல்லும் உண்டு. ஊரில் ராஜுக்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. விஜயநகர காலத்தில் வந்து குடியேறியவர்கள். அந்த விஜயநகரத்துச் சக்கரவர்த்தியே பக்கத்து ஊர்ப் பெண்ணைப் பற்றித் தெலுங்கில் காவியம் எழுதியிருக்கிறார். கிருஷ்ணதேவராயரின் ஆமுக்தமால்யதா. தலைப்பே சூடிக் கொடுத்தவளைத்தான் சொல்கிறது. ஆனால் ஆறு ஆசுவாசங்களில் கோதை வருவது ஐந்தாவதில்தான். அதுவரை என்ன நடக்கிறது? வில்லிபுத்தூரில் விஷ்ணுசித்தர் வழிப்போக்கர்களுக்குச் சோறு போடுகிறார். மழைக்காலத்தில் விறகு நனைந்துவிடும், ஆகவே தேங்காய்ச் சிரட்டையை எரித்துச் சமையல். கோடைக்கு நீர்மோரும் இளநீரும், பனிக்காலத்துக்கு மிளகுக் காரம். ஏர் உழுகிற மழை, ஒழுகுகிற கூரை எல்லாம் வருகின்றன. கடவுள் கனவில் வந்து கேட்டதாகச் சொல்லி ஒரு ராஜா எழுதிய புஸ்தகத்தில் அடுப்புக்கு என்ன எரித்தார்கள் என்பதற்கு இடம் இருக்கிறது. காஞ்சி முற்றுகையை ஒரு பாகம் முழுக்க எழுதிய கல்கியிடம், முற்றுகைக்குள் இருந்த ஜனங்கள் எதை எரித்து என்ன சமைத்தார்கள் என்று கேட்டால் விடை கிடைக்காது. விசுவாசம் தகவலுக்கு எதிரி அல்ல.

காதலுக்கும் எதிரி அல்ல என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையிலேயே சாட்சி இருக்கிறது. அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய கிளாரிந்தா. பின்னால் தமிழிலும் வந்தது. தஞ்சாவூர்ப் பிராமண விதவை ஒருத்தி ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்தாள், ஞானஸ்நானம் கேட்டாள். மணமாகாமல் அவனோடு வாழ்கிறாய் என்று ஸ்வார்ட்ஸ் பாதிரியார் மறுத்தார். அவன் இறந்த பிறகு, 1778இல், அதே ஸ்வார்ட்ஸ் கொடுத்தார். இவ்வளவும் சரித்திரம். கிறிஸ்தவர் அல்லாத மாதவையா இதை எடுத்துக்கொண்டபோது காதலை ஒரு அத்தியாயத்திலும் விசுவாசத்தை இன்னொரு அத்தியாயத்திலும் பிரித்து வைக்க வழி இல்லை. அவள் யாரோடு படுத்தாள் என்பதே அவளுடைய மோட்சத்தின் பிரச்னை. நாவலாக அது நொண்டுகிறது, பிரசங்கம் கூடுதல். ஆனாலும் அதில் கடவுளிடம் போவதற்கு விலை இருக்கிறது. சிவகாமியின் கடவுள் இலவசம்.

இவ்வளவையும் ஒருநாள் பெரியம்மாவிடம் சொன்னேன். கல்லூரி முடித்த வயது. கையில் 'எழுத்து' பழைய இதழ்கள். யாரையாவது திருத்தியே ஆக வேண்டும். அவள் புளியை உருட்டிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். "சரி, நீயே சொல்லு. அவ வேற என்ன செய்வா? ஒம்போது வருஷம் கழிச்சு வந்து நிக்கிறா. அவன் பிள்ளை குட்டியோட இருக்கான். அப்பன் வீட்ல எத்தனை நாள் இருப்பா?" மில் சங்கு ஊதிற்று. உலை வைக்க எழுந்துபோனாள்.

பெரியப்பா இறந்தபோது அவளுக்கு வயது இருபத்து மூன்று. இதை நான் அப்போதும் அறிவேன். அந்த நாவலோடு சேர்த்து யோசித்ததில்லை, அவ்வளவுதான். ஏகாம்பரநாதர் முடிவை அவள் அழகு என்று எந்த நாளும் சொன்னதில்லை. வேறு வழி இல்லாதது என்றுதான் சொன்னாள். நான் மூன்று வருஷம் படித்துக் கண்டுபிடித்த கொல்லைவாசலை அவள் முதலிலேயே பார்த்திருக்கிறாள். அதற்கு அந்தப்பக்கம் இருப்பதும் அவளுக்குத் தெரியும்.

சிவகாமி சபதம் செய்வது மூன்றாம் பாகத்தில். வாதாபி நாற்சந்திகளில், தமிழ்ச் சிறைவாசிகளுக்குச் சாட்டையடி விழாமல் இருப்பதற்காக அவள் ஆட வேண்டியிருக்கிறது. நான்காம் பாகம் ஆரம்பிக்கும்போது ஒன்பது ஆண்டுகள் போய்விட்டன. அந்த ஒன்பது ஆண்டுகளைக் கல்கி எழுதவில்லை. எழுதியிருந்தால் அது வேறு நாவல், 'கல்கி'யில் வந்திருக்காது. காலையில் எழுந்து, குளித்து, இன்றும் வரவில்லை என்று தெரிந்து, மறுபடி இரவாகிற நாட்களை எந்தப் பத்திரிகை வாரா வாரம் போடும்? ஆண்டாள் அந்த நாட்களைத்தான் எழுதினாள்.

பெரியம்மா போன பிறகு அலமாரி எனக்கு வந்தது. கீழ்த் தட்டுப் பைண்டுகளைச் செல் அரித்துவிட்டது. பிறகு கல்கி நாட்டுடைமையாகி மலிவுப் பதிப்புகள் ரயில் நிலையங்களில்கூடக் கிடைக்கின்றன. ஆனாலும் பைண்டை வைத்திருக்கிறேன். தாள் மஞ்சளாகி ஓரம் உதிர்கிறது. முற்றுகையும் போரும் வருகிற பக்கங்கள் புரட்டாதவை போலவே இருக்கின்றன. ஏகாம்பரநாதர் கோவில் வருகிற கடைசிப் பக்கங்களிலும் கைபட்ட அடையாளம் அதிகம் இல்லை. மூன்றாம் பாகத்தின் முடிவில், நான்காம் பாகம் தொடங்குவதற்கு முன்னால் பைண்டுக்காரர் விட்ட வெற்றுத் தாளில், எண்ணெய்க் கறையும் புளிக் கறையும் விரல் அகலத்துக்கு இருக்கின்றன. பைண்டு தானாக அந்த இடத்தில்தான் திறந்துகொள்கிறது.